என்ஜின் லைட் அணைய மறுக்கிறதா? சாமான் மாற்றும் முன் சற்று நில்லுங்கள்

கட்டுகஸ்தோட்டையில் பிடவை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் கார் பதினைந்து வருடத்துக்கும் மேல் பழைய ஜப்பான் வண்டி. ஒருநாள் காலை அதன் டாஷ்போர்டில் என்ஜின் வடிவிலான மஞ்சள் லைட் எரிந்தது. வண்டி ஓடுவதில் எந்தக் குறையும் தெரியவில்லை. நண்பர் வழமையாகப் போகும் கராஜில் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, "நானா, இது ஒட்சிசன் சென்சர் போன கேஸ்" என்றார்கள். பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த சென்சர் ஒன்றை வரவழைத்துப் பூட்டினார்கள். லைட் அணைந்தது. நான்காம் நாள் மீண்டும் எரிந்தது.

இரண்டாவது கராஜில் சொன்னது வேறு கதை. சைலன்சர் லைனில் இருக்கும் கன்வேட்டர் அடைத்துவிட்டது, உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிட்டால் வண்டி இன்னும் நன்றாக இழுக்கும், எடுத்த சாமானுக்குக் காசும் கிடைக்கும் என்றார்கள். நண்பர் சம்மதித்தார். கையில் கொஞ்சம் காசு வந்தது. ஆனால் லைட் அன்றிலிருந்து நிரந்தரமாகவே எரியத் தொடங்கியது. இரண்டு மாதம் கழித்து லைசன் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போனபோது வண்டி தோற்றுப்போனது.

இந்தக் கதையின் மீதியைப் பிறகு சொல்கிறேன். எமது வர்த்தகர்களில் பலருக்கு இதே அனுபவம் ஏதோவொரு வடிவில் நேர்ந்திருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. வரியைச் சேர்த்துப் பார்த்தால் புதிய வண்டி சிறு வியாபாரிக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே கையிலுள்ள பழைய காரே கடைக்குச் சாமான் ஏற்றவும், வசூலுக்குப் போகவும், வீட்டாரை ஏற்றி இறக்கவும் ஓடுகிறது. அது வெறும் வாகனமல்ல, முடக்கி வைத்த முதல். அதன்மீது அனுமானத்தில் செலவு செய்வது, கணக்குப் பார்க்காமல் சரக்கு வாங்குவது போலத்தான்.

முதலில் இந்த லைட் என்ன சொல்கிறது என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். என்ஜின் பழுதாகிவிட்டது என்பது அதன் நேரடி அர்த்தமல்ல. வண்டி வெளிவிடும் புகை அளவுக்கு மீறி நச்சாகக்கூடும் என்று என்ஜினின் கம்பியூட்டர் சந்தேகப்படுகிறது என்பதே அதன் பிரதான பொருள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் புகைமண்டலத் தொல்லையைக் கட்டுப்படுத்தவே இந்த ஏற்பாடு முதலில் சட்டமானது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களுக்கும், ஐரோப்பாவில் 2001 முதல் பெற்றோல் கார்களுக்கும் ஓபிடி எனப்படும் பொதுமுறை கட்டாயமானது. ஜப்பானியர் தம் உள்நாட்டு வண்டிகளுக்குத் தனியான முறையொன்றை வைத்திருந்தார்கள். எமது நாட்டில் ஓடுவதில் பெரும்பகுதி அந்த உள்நாட்டு வண்டிகளே. கடையில் வாங்கும் மலிவு விலை ஸ்கேனர் சில பழைய கார்களோடு பேச மறுப்பதற்குக் காரணம் இதுதான். வண்டி பழுதென்றோ ஸ்கேனர் பழுதென்றோ அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். ஜப்பான் வண்டிகளுக்கென்றே மென்பொருள் உள்ள ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரிடம் போக வேண்டும்.

தொண்ணூறுகளின் டொயோட்டாக்களில் ஸ்கேனரே தேவைப்படாத வழியொன்றும் உண்டு. என்ஜின் பகுதியிலுள்ள சிறிய கறுப்புப் பெட்டியில் டிஈ1, ஈ1 என்று எழுதப்பட்ட இரண்டு முனைகளையும் வயர் துண்டொன்றால் இணைத்து, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டால், அந்த லைட் விட்டுவிட்டு மின்னி இரண்டிலக்க எண்ணொன்றைச் சொல்லும். இரண்டு முறை மின்னி, சற்று நின்று, ஒருமுறை மின்னினால் 21. அது ஒட்சிசன் சென்சரைக் குறிக்கும். இதைத் தெரிந்தவர் கையால் செய்விக்கவும். முனை மாறினால் கம்பியூட்டருக்கே சேதம் வரலாம்.

இனி இந்தக் கன்வேட்டர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பெற்றோல் முழுமையாக எரியாதபோது காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் புகையோடு வெளியேறுகின்றன. அதிக வெப்பத்தில் நைதரசன் ஒட்சைட்டுகள் உருவாகின்றன. கன்வேட்டருக்குள் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியொன்று இருக்கும். அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். புகை அதனூடாகப் போகும்போது அந்த மூன்று நச்சுகளும் பெருமளவு பாதிப்பற்ற வாயுக்களாக மாறுகின்றன. பழைய இரும்புக்காரர் அதைத் தேடி வருவது அந்தப் பூச்சுக்காகத்தான்.

இந்த வேலை நடக்கக் காற்றும் பெற்றோலும் 14.7க்கு 1 என்ற நிறை விகிதத்தில் கலக்க வேண்டும். அதைக் கண்காணிப்பவை ஒட்சிசன் சென்சர்கள். ஒன்று கன்வேட்டருக்கு முன்னால், மற்றது பின்னால். பழைய வகை முன் சென்சரின் மின்னழுத்தம் 0.1 வோல்டுக்கும் 0.9 வோல்டுக்கும் இடையே இடைவிடாது ஏறி இறங்க வேண்டும். கன்வேட்டர் நன்றாக இருந்தால் பின் சென்சர் ஏறத்தாழ 0.6, 0.7 வோல்டில் அமைதியாக நிற்கும். பின்னது முன்னதைப் போலவே குதிக்கத் தொடங்கினால், கன்வேட்டர் தன் வேலையைச் செய்யவில்லை என்று கம்பியூட்டர் முடிவு செய்து பி 0420 என்ற எண்ணைப் பதிந்து லைட்டை எரியவிடும். (புதிய வண்டிகளில் முன் சென்சர் வேறு வகை. அதில் இந்தக் குதிப்பைத் தேடிப் பார்த்துப் பழுதென்று சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு.)

எண் ஒன்றைக் கண்டதும் அந்தப் பெயருள்ள சாமானை மாற்றுவதுதான் எமது கராஜ்களில் நடக்கும் மிகப் பெரிய தவறு. காய்ச்சல் என்று தெர்மோமீட்டர் காட்டினால் தெர்மோமீட்டரை மாற்றுவோமா? எண் சொல்வது கம்பியூட்டர் எதைக் கண்டது என்பதை மட்டும். ஏன் அப்படி ஆனது என்பதை மனிதன்தான் தேட வேண்டும்.

தேடும் ஒழுங்கும் முக்கியம். செலவில்லாததில் தொடங்கிச் செலவுள்ளதை நோக்கிப் போக வேண்டும். முதலில் லைட் எரியும் விதத்தைக் கவனியுங்கள். நிலையாக எரிந்தால் சில நாட்கள் நிதானமாக ஓட்டிக்கொண்டே காரணம் தேடலாம். விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. ஏதோவொரு சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்குள் போகிறது. அது கன்வேட்டருக்குள் போய் எரிந்து, உள்ளேயுள்ள பீங்கானையே உருக்கிவிடும். புறக்கோட்டையில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்து, மாவனல்லை தாண்டிக் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போது இப்படி மின்னினால், "எப்படியும் கண்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று மிதிக்க வேண்டாம். அந்த ஏற்றமே கன்வேட்டரின் கடைசிப் பயணமாகிவிடலாம்.

இப்படி எரியாமல் போகும் கோளாறுக்கு பி 0300 தொடக்கம் உள்ள எண்கள் வரும். பி 0301 என்றால் முதலாம் சிலிண்டர். ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி கொயில் உள்ள வண்டியென்றால் ஒரு சதமும் செலவில்லாத சோதனையொன்று இருக்கிறது. முதலாவது கொயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் பூட்டி ஓட்டிப் பாருங்கள். எண் பி 0302 ஆக மாறினால் கொயில்தான் குற்றவாளி. மாறாமல் நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்பிரஷன் என்று அடுத்ததைப் பார்க்கலாம். இதைச் செய்யாமல் நான்கு கொயிலையும் வாங்கச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள்.

பி 0171 என்பது கலவையில் காற்று அதிகம், பெற்றோல் குறைவு என்பது. இதற்கும் சென்சரை மாற்றுவார்கள். ஸ்கேனரில் 'ஃபியூவல் டிரிம்' என்றொரு வரி இருக்கும். கம்பியூட்டர் எத்தனை சதவீதம் கூடுதலாகப் பெற்றோல் கொடுத்துச் சமாளிக்கிறது என்பதை அது காட்டும். என்ஜின் சும்மா ஓடும்போது அது 20 சதவீதம் அளவுக்கு இருந்து, நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு உயர்த்தியதும் வெகுவாகக் குறைந்தால், எங்கோ வெடித்த றப்பர் குழாய் ஒன்று காற்றை உறிஞ்சுகிறது. சில நூறு ரூபாய்க் குழாயாகவும் அது இருக்கலாம். மாறாக வேகம் கூடக்கூட அந்தச் சதவீதமும் ஏறினால் பெற்றோல் பில்டர், பம்ப், அல்லது காற்றை அளக்கும் சென்சரில் படிந்த தூசு பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும். இரண்டு நிமிட வேலை. ஆனால் இதைப் பார்த்த பின்பே சாமான் எழுதித் தரும் கராஜ்கள் குறைவு.

பி 0135 போன்றவை சென்சரைச் சூடாக்கும் கம்பியின் மின்சுற்றைப் பற்றியவை. முதலில் ஃபியூஸ், பிறகு வயர், பிறகு சொக்கெட். அக்குறணையில் பிங்கா ஓயா பெருகிக் கடைவீதிக்குள் வந்த வருடங்களை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்திலும் கண்டி மாவட்டத்தில் எத்தனையோ வாகனங்கள் நனைந்தன. வெள்ளத்தில் நின்ற வண்டியில் சில மாதம் கழித்து லைட் எரிந்தால், சென்சருக்கு முன் அதன் சொக்கெட்டைக் கழற்றி உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இணையத்தில் தேடுபவர்கள் "பெற்றோல் டேங்க் மூடியை இறுக்கிப் பூட்டுங்கள், லைட் அணையும்" என்று படித்துவிட்டு வருகிறார்கள். அது அமெரிக்கச் சந்தைக்கான வண்டிகளுக்குப் பொருந்தும் வைத்தியம். டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று பார்க்கும் ஏற்பாடு அங்கு கட்டாயம். இங்குள்ள ஜப்பான் உள்நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் அது இல்லை.

எமது நாட்டுக்கே உரிய வியாதியொன்று இருக்கிறது, அதைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டும். வண்டி ஒருமுறை சூடேறிவிட்டால் தெர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "இந்த நாட்டுச் சூட்டுக்கு இது தேவையில்லை" என்று சொல்வது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். இது பிழை. பெற்றோல் என்ஜின் பொதுவாக 80 பாகைக்கு மேல் சூடாகி நின்றால்தான் கம்பியூட்டர் சரியான கலவைக்கு வரும். தெர்மோஸ்டட் இல்லாத வண்டியில் ரேடியேட்டர் தண்ணீர் ஆரம்பத்திலேயே சுற்றத் தொடங்குவதால் என்ஜின் அந்தச் சூட்டை எட்ட வெகுநேரமாகும். கண்டியில் மார்கழி, தை காலைக் குளிரில், மடவளையிலிருந்து ஊர்ந்து வந்து நகர நெரிசலில் நிற்கும் வண்டிக்குச் சொல்லவே வேண்டாம். என்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து கம்பியூட்டர் பெற்றோலைக் கூடுதலாக விடும். கன்வேட்டரும் ஏறத்தாழ 300 பாகையை எட்டும்வரை வேலை செய்யாது. நகரத்துக்குள் இரண்டு கிலோமீற்றர் ஓடி நிறுத்தும் வண்டியில் அது பல நாட்கள் விழிப்பதேயில்லை.

இதன் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடிய கார் 10க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். மாதம் 1500 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 125 லீற்றருக்குப் பதிலாக 150 லீற்றர் போகும். வருடத்துக்கு 300 லீற்றர். இன்றைய பெற்றோல் விலையால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு தெர்மோஸ்டட்டின் விலை அதன் பக்கத்தில் ஒன்றுமேயில்லை.

கன்வேட்டர் உண்மையாகவே செத்துப்போவதும் உண்டு. அது தானாகச் சாவது அபூர்வம், எதோ ஒன்று அதைக் கொல்கிறது. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் எமது நாட்டில் நிறுத்தப்படும்வரை அந்த ஈயமே பல வண்டிகளின் கன்வேட்டரைக் கொன்றது. இன்று அதைச் செய்வது எரியும் என்ஜின் ஒயில், ஹெட் கெஸ்கட் வழியே கசியும் கூலன்ட், கவனிக்காமல் விட்ட பிளக் கோளாறு ஆகியவை. மண்ணெண்ணெய் கலந்த பெற்றோலும் நல்லது செய்வதில்லை. 1000 கிலோமீற்றருக்கு ஒருதரம் ஒயில் ஊற்றும் வண்டிக்குப் புதிய கன்வேட்டர் போடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புவது.

நண்பரின் கதைக்கு வருவோம். புகைப் பரிசோதனையில் தோற்ற பிறகு அவர் பேராதனைப் பக்கம் வயதான எலெக்ட்ரிக் பாஸ் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனார். பாஸ் ஸ்கேனரை எடுக்கவில்லை. காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பொனட்டைத் திறந்து காதைக் கொடுத்தார். 'டிக் டிக்' என்று மெல்லிய சத்தம். மெனிபோல்டிலிருந்து இறங்கும் குழாய் பூட்டப்பட்ட இடத்தில் கெஸ்கட் எரிந்து, சுற்றிலும் கரிக்கோடு படிந்திருந்தது. புகைக்குழாயில் இப்படியொரு இடைவெளி இருந்தால் புகை வெளியே வருவது மட்டுமல்ல, புகை அடித்து அடித்து ஓய்வதற்கு இடையே வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். அந்தக் காற்றிலுள்ள ஒட்சிசனைக் கண்டு சென்சர் ஏமாறும். கம்பியூட்டர் கன்வேட்டர்மீது பழியைப் போடும்.

"முதலாளி, இந்தக் கரி இன்று நேற்றுப் படிந்ததல்ல" என்றார் பாஸ். அப்படியானால் ஆரம்பத்திலேயே கெஸ்கட் ஒன்றோடு முடிந்திருக்க வேண்டிய வேலையா இது? கன்வேட்டர் நன்றாகவே இருந்திருக்குமா? நண்பர் இதைப் பலமுறை என்னிடம் கேட்டுவிட்டார். யாராலும் பதில் சொல்ல முடியாது. பரிசோதித்துப் பார்க்க வேண்டிய சாமானை அவரே விற்றுவிட்டாரே. கெஸ்கட் மாற்றி, நல்ல நிலையிலுள்ள பாவித்த கன்வேட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பூட்டிய பிறகு லைட் அணைந்தது. கன்வேட்டரை விற்றுக் கிடைத்ததைப்போல் பல மடங்கு கொடுத்தே அதை வாங்கினார்.

புகைப் பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இந்தத் திட்டம் 2008இல் மேல் மாகாணத்தில் ஆரம்பித்துப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் வந்தது. பெற்றோல் வண்டியில் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் அளக்கப்படுகின்றன. சும்மா ஓடும்போது ஒருமுறை, 2500 சுற்றில் ஒருமுறை. குளிர்ந்த வண்டியோடு வீட்டிலிருந்து நேரே போய் வரிசையில் நின்றால் நல்ல வண்டியும் தோற்கலாம். இருபது நிமிடமாவது ஓட்டி, கன்வேட்டர் சூடாக இருக்கும்போதே உள்ளே போவது நல்லது. இதைச் சடங்காக நினைப்பவர்கள் கண்டியின் அமைப்பை நினைத்துப் பார்க்கட்டும். மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள் இருக்கும் நகரம் இது. வாகனப் புகை இலகுவில் வெளியேறாமல் தேங்குவதைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீண்டகாலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றிக் காலை முதல் இரவுவரை கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் நாம்தான்.

லைட்டை அணைக்கக் குறுக்கு வழிகள் தாராளமாக இருக்கின்றன. பெட்டரி வயரைக் கழற்றி மாட்டுவது, பின் சென்சருக்கு ஒரு துண்டுக் குழாய் வைத்துத் தூரமாக்கி ஏமாற்றுவது, எல்லாவற்றுக்கும் மேலாக டாஷ்போர்டைக் கழற்றி பல்பையே பிடுங்குவது. சொந்தப் பாவனையில் இவை முட்டாள்தனம் என்றால், விற்கும்போது இவற்றைச் செய்வது வேறு வகையைச் சேர்ந்தது. சந்தையில் மேலே காய்ந்த தானியமும் உள்ளே ஈரமும் இருந்த குவியலைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கேட்ட சம்பவத்தை எமது வியாபாரிகளுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பல்பு பிடுங்கிய காரும் அந்தக் குவியலும் ஒன்றே. லைட் எரிகிறது, இன்ன எண் வருகிறது, இதுவரை இன்னின்னது செய்து பார்த்தோம் என்று சொல்லி விலையைக் குறைத்துக் கொடுப்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. பரக்கத்தும் அதில்தான்.

வாங்குபவர் செய்ய வேண்டியது சுலபம். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். அந்த மஞ்சள் லைட் கட்டாயம் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆரம்பத்திலேயே எரியவில்லையென்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். பிறகு ஸ்கேன் செய்யும்போது எண் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். பொதுமுறையுள்ள வண்டிகளில், கம்பியூட்டரின் சுயபரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்பதும், பல வண்டிகளில் எண்ணை அழித்துப் பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்பதும் தெரியும். பரிசோதனைகள் முடியவில்லை, அழித்து 8 கிலோமீற்றர்தான் ஆகிறது என்றால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் அது அழிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு நாள் கழித்து வருகிறேன், அதுவரை ஓட்டிக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

திருத்திய பின்பும் லைட் உடனே அணையாவிட்டால் பதற வேண்டாம். கோளாறு மறைந்ததைத் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் உறுதிப்படுத்திய பின்பே பெரும்பாலான வண்டிகள் அதைத் தாமாக அணைக்கும். நண்பர் இப்போது டாஷ்போர்ட் லாச்சியில் ஒரு சிறிய கொப்பி வைத்திருக்கிறார். லைட் எரிந்த திகதி, எண், மீட்டர் வாசிப்பு, மாற்றிய சாமான், அதை மாற்றச் சொன்ன காரணம். அந்தக் கடைசிப் பத்தியை நிரப்ப முடியாத கராஜில் அவர் வேலை கொடுப்பதில்லை.

டீசல் வேன், லொறி வைத்திருப்பவர்களின் பிரச்சினை கரியும் ஈஜிஆர் வால்வும் சம்பந்தப்பட்டது. அதை இன்ஷா அல்லாஹ் வேறொரு வாரத்தில் பார்ப்போம்.